ஓவசியர் கண்ட பதினொரு பிழைகள்

எனக்கு அவரைப் பிடிக்காது. செத்துப்போனவரைப் பற்றி அப்படி எழுதக்கூடாது என்பார்கள். எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை, என்னால் காட்டக்கூடிய மரியாதை அவ்வளவுதான்.

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஓவசியர். நீர்ப்பாசனப் பகுதியில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்று, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணியில் மனைவியோடு வந்து குடியிருந்தார். வேலைக்காலத்தில் மற்றவன் கட்டிய மதகில் பிழை பிடிப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வுபெற்ற பிறகு மதகு இல்லை. எங்களைப் பிடித்தார்.

பிழை சொல்லுவதற்கு முன் ஒரு சடங்கு இருந்தது. கண்ணாடியைக் கழற்றுவார். சேட்டின் கீழ்த் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைப்பார். திரும்பப் போட்டுக்கொண்டு, “நான் ஒண்டு சொல்லட்டோ?” என்பார். யாரும் சொல்லுங்கோ என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் அதற்காகக் காத்திருந்ததாகவும் நினைவில்லை.

ஒரு முறை எங்கள் வாழைத் தோட்டத்துக்குள் யானை புகுந்து பாதியைத் துவைத்துவிட்டுப் போய்விட்டது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் வந்து வரம்பில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கால்தடத்தைக் குனிந்து பார்த்தார்.

“நான் ஒண்டு சொல்லட்டோ? இது இளம் யானை. அனுபவம் காணாது. அங்காலை நெல்லு முத்தி நிக்குது, இது வந்து வாழையிலை மினைக்கெட்டிருக்கு.”

யானைக்கே அந்தக் கதி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்தால் சனம் அதிகம், பக்தி காணாது என்பார். செத்தவீட்டுக்குப் போனால் பாடை கட்டிய முறை பிழை என்பார், அதுவும் செத்தவரின் மகனுக்குக் கேட்கும்படி. என் கலியாணத்துக்கு வந்து மூன்று முறை பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு, ஏலக்காய் காணாது என்று சொன்னவர். அவருடைய மனைவியை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். “முப்பத்தேழு வருசம், பிள்ளை, கறி நல்லாயிருக்கெண்டு ஒரு நாள் சொன்னதில்லை” என்று அவா ஒருநாள் எனக்குச் சொன்னா. சொல்லிவிட்டுச் சிரித்தா. எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. நானாக இருந்தால் இரண்டாம் நாளே சட்டியைக் கவிழ்த்திருப்பேன்.

எண்பத்துநாலில் என் கணவர் குவைத்திலிருந்து வந்தார். ஐந்து வருடம் அங்கே ஒரு வீட்டில் கார் ஓடினவர். வரும்போது ஒரு கலர் ரீவி, ஒரு வீடியோ டெக், ஒரு சின்ன ஜெனரேற்றர், ஆறு கசெற்றுகள் கொண்டுவந்தார். கசெற்றுகளில் படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் திட்டம் முழுவதும் வந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் மனிதர் இல்லை. எல்லாம் கையால் கீறின ஆட்கள், கார்ட்டூன். யப்பான்காரர் கீறிய தொடர், குவைத்து ரீவியில் அரபியில் பேசவைத்துப் போட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சலித்ததை வீட்டுக்காரி இவருக்குக் கொடுத்திருந்தாள்.

ஸ்நோ கொட்டும் ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு சிறுமி. தகப்பன் எங்கோ தூரத்தில் ரயிலுக்குச் சுரங்கம் வெட்டப் போயிருக்கிறான். அவன் விட்டுப்போன குதிரையை அவள் வளர்க்கிறாள். ஒரு கசெற்றில் நான்கு பகுதி. எங்கள் சனம் அதற்குக் குதிரைப் பிள்ளைப் படம் என்று பெயர் வைத்தது.

என் கணவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. கலியாணம் கட்டி முதல் மாதம் முழுவதும் அவர் பேசியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதலாம். அந்த மனிதர் சனிக்கிழமை பின்னேரங்களில் நாற்பது பேருக்கு முன்னால் ரீவிக்குப் பக்கத்தில் நின்று, ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் கத்தி, அரபியைத் தமிழாக்கினார். வெள்ளிக்கிழமை கிணற்றடியில் குளிக்கும்போது அடுத்தநாள் சொல்லவேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். நான் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தக் குதிரையைப் பற்றி அவர் சொல்லும் குரலில் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை.

யன்னல்களில் என் சேலைகளைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்குவோம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கைபிடிக் கதிரையில் ஓவசியர் முன்னுக்கு இருப்பார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. முதல் நாளே, முதல் பகுதி முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடி கழன்றது.

“நான் ஒண்டு சொல்லட்டோ? உந்தப் பிள்ளைக்குக் கண் முகத்திலை பாதி. உப்பிடிக் கண் இருந்தால் மூளைக்கு இடம் எங்கை?”

சனம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அடுத்த பகுதிக்கு, யப்பான்காரி ஏன் அரபி கதைக்கிறாள் என்றார். அதற்கடுத்த பகுதிக்கு, குதிரை ஓடும்போது முன்னங்கால் இரண்டும் ஒன்றாகப் போகிறது, அப்படி ஓடினால் மூக்கு உடைய விழும் என்றார். ஓவசியருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து எங்கள் பக்கம் குடியேறிய ராசம்மா என்றொரு பெண் எங்கள் வயலில் வேலை செய்தாள். அவளும் வந்து வாசற்படியில் இருந்து பார்ப்பாள். ஒருநாள் மலையில் பனி இறங்கும் காட்சி வந்தது. அவள் தன்னை மறந்து சொன்னாள்:

“எங்க தோட்டத்துல இப்படித்தாங்க எறங்கும். லயத்து வீடெல்லாம் மறைஞ்சிரும். பக்கத்து வீட்டு வெளக்குகூடத் தெரியாதுங்க.”

முழு அறையும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் இன்னும் சொல்லியிருப்பாள். கண்ணாடி கழன்றது.

“உமக்கு என்ன தெரியும்? அது ஸ்நோ. உங்கடை தோட்டத்திலை விழுறது வெறும் பனி. தெரியாத விசயத்திலை வாயை வைக்கக்கூடாது.”

ராசம்மா அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கும் நான் அவரைத்தான் வெறுத்தேன். அவளை வாசற்படியில் இருத்தியது நான் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் விசயம் தலைகீழாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சனம் அவரைச் சுற்றி நிற்கும். “ஐயா, நேற்றையான் படம் எப்பிடி?” என்று கேட்கும். படம் பார்க்காதவனும் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் படம் சரியில்லை என்று சொல்லித் திரிந்தான். இரண்டாம் கசெற்றில் எங்கள் வீட்டில் கண் கலங்கிய பெண்கள், நான்காம் கசெற்றில் குதிரை பனிக்குள் புதைந்தபோது ஓவசியரின் முகத்தைப் பார்த்தார்கள், சிரிக்கவேண்டுமா என்று தெரிந்துகொள்ள. ஒரு மனிதர் தனக்குப் பிடித்த ஒன்றைக் கடல்தாண்டிச் சுமந்துவந்து ஊருக்கு முன்னால் வைக்கிறார். இன்னொருவர் கதிரையில் சாய்ந்திருந்து அதைத் துப்பரவாக உரித்துப் போடுகிறார். உரிக்கிறவருக்குத்தான் மதிப்பு.

“நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லுறியளில்லை?” என்று என் கணவரைக் கேட்டேன்.

“அவர் ஒரு பகுதியும் விடாமல் வாறார்தானே,” என்றார். அது ஒரு மறுமொழியா?

ஐந்தாவது கசெற்றின் கடைசிப் பகுதி போட்ட அன்று எல்லாம் முடிந்தது. என் மகள் வதனிக்கு அப்போது ஆறு வயது. ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருக்கிறாள். படத்தில் பனிப் பாதையால் ஒரு மனிதன் ஏறி வருகிறான். தகப்பனில்லை, தகப்பனோடு வேலைசெய்தவன். கையில் ஒரு தொப்பி. சிறுமிக்கு முன்னால் முழங்காலில் நின்று ஏதோ சொல்கிறான். அவள் ஓடிப்போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

“அப்பாவுக்கு வேலை முடியுதாம்,” என்று என் கணவர் சொன்னார். “கெதியா வாறாராம். அதைத்தான் அந்த ஆள் சொல்லுறான்.”

“நிப்பாட்டும்,” என்றார் ஓவசியர்.

கண்ணாடியைக் கழற்றவில்லை. சடங்கு இல்லாமல் அவர் பேசியது அன்றைக்குத்தான்.

“அப்பன் வாறானெண்டால் அந்தப் பிள்ளை ஏன் உப்பிடி அழுகுது?”

“சந்தோசத்திலை ஐயா.”

“அது சந்தோசத்திலை அழுற அழுகையில்லை. அந்த ஆள் தொப்பியை ஏன் கொண்டுவந்தவன்? வாற மனிசன் தொப்பியைத் தலையிலை போட்டுக்கொண்டு வரமாட்டானோ? தம்பி, உமக்கு அரபி தெரியாது. இவ்வளவு நாளும் நீர் எங்களுக்குப் பிழையான கதைதான் சொல்லியிருக்கிறீர்.”

 பின்னுக்கிருந்து ஒருவன் சிரித்தான். அது முன்னுக்கு வந்தது. அறை முழுவதும் சிரித்தது. “அப்ப இவர் குவைத்திலை கார் ஓடினதும் பொய்யோ?” என்று யாரோ ஒருவன் கேட்டான். வதனி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச அரபி இவ்வளவுதான்,” என்று என் கணவர் மெல்லச் சொன்னார். வெளியில் போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினார். சனம் முற்றத்தில் இறங்கிப் போகும்போதும் சிரித்துக்கொண்டு போனது.

ஆறாவது கசெற் போடப்படவில்லை. இனிப் போகமாட்டேன், இருக்கிற வயலைச் செய்துகொண்டு இருப்பேன் என்று வந்தவர், ஆறு கிழமையில் திரும்பவும் குவைத்துக்குப் போய்விட்டார். ஒட்டுசுட்டானில் பஸ் ஏற்றிவிட்டு நானும் வதனியும் நடந்து வருகிறோம். ஓவசியர் வேலியடியில் நின்றார்.

“நான் ஒண்டு சொல்லட்டோ, பிள்ளை? வெளிநாட்டுக்குப் போறவன் செவ்வாய்க்கிழமை போகக்கூடாது.”

வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இந்த மனிதன்தான் என் புருசனைத் துரத்தியவன் என்று அன்று முடிவெடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் அவரும் மாமியும் வந்தார்கள். அவர் கையில் ஒரு சோடாப் போத்தல், அதில் ஜெனரேற்றருக்குப் பெற்றோல்.

“அந்தக் கடைசிக் கசெற் இருக்கோ, இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சோ?”

“இருக்கு. சொல்லுறதுக்கு ஆளில்லை.”

“படம் பாக்கிறதுக்கு அரபி தேவையில்லை. கண் இருந்தால் காணும்.”

மாமிக்காகத்தான் போட்டேன். நான்கு பகுதியும் பார்த்தார். கைபிடிக் கதிரையின் நுனியில் இருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. முடிவில் அந்தப் பிள்ளை, அதற்குள் வளர்ந்துவிட்டாள், தகப்பன் வெட்டிய சுரங்கத்துக்குள்ளால் ரயிலில் போகிறாள். இருட்டுக்குள் யன்னல் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. ரயில் வெளிச்சத்துக்கு வர, படம் முடிகிறது. தகப்பன் வரவேயில்லை.

மாமி மூக்கைச் சீறினா. “வீட்டிலை இதே கதைதான், பிள்ளை,” என்றா. “சாப்பாட்டிலையும் அந்தக் குதிரைதான், படுக்கையிலையும் அந்தக் குதிரைதான். பனிக்குள்ளை புதைஞ்ச அண்டைக்கு இவர் சோறு தின்னேல்லை.”

“நீர் சும்மா இரும்,” என்றார் ஓவசியர். பிறகு என்னிடம், “ஒரு கடதாசி தாரும். தம்பிக்கு ஒண்டு எழுதவேணும்.”

எனக்கு உள்ளே ஒரு நம்பிக்கை வந்தது. எழுதட்டும் என்று நினைத்தேன். படம் நன்றாயிருந்தது, நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று ஒரு வசனம் எழுதினால் போதும். வதனியின் கொப்பியில் இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தேன். எங்கள் குசினி மேசையில் இருந்து பொழுதுபடும்வரை எழுதினார். மடித்து என் கையில் தந்தார். அவர்கள் படலை தாண்டியதும் விரித்துப் படித்தேன்.

பதினொரு பிழை. இலக்கம் போட்டு, ஓவசியர் வேலைக்காலத்தில் மேலிடத்துக்கு அறிக்கை எழுதும் மாதிரி. குதிரையின் முன்னங்கால் ஓடும் விதம், ஒன்று. சுரங்கத்தின் வளைவுக்கு மேலே போதிய கல் கட்டவில்லை, மலைப் பாரத்தை அது தாங்காது, ஒன்று. மூன்றாம் பகுதியில் இடதுகையில் இருந்த வாளி நான்காம் பகுதியில் வலதுகைக்கு மாறியது, ஒன்று. பதினோராவது: “தொப்பியின் விடயத்தில் நீர் சொன்னது பிழை என்பதில் நான் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.” நல்ல சொல் ஒன்றுகூட இல்லை. சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

நான் அதை என் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினேன். மேலே ஒரு வரி எழுதினேன்: இந்த மனிசனைப் பாருங்கோ.

என் கணவர் எனக்கு எழுதும் கடிதங்கள் எப்போதும் அரைப் பக்கம். நான் சுகம், நீர் சுகமோ, வதனியைக் கவனமாகப் பாரும், உரத்துக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். அந்த முறை வந்த உறை தடிப்பாக இருந்தது. எனக்கு வழக்கம்போல அரைப் பக்கம். அதற்குள் இன்னொரு உறை, ஒட்டியது, மேலே ஓவசியர் ஐயாவுக்கு என்று எழுதியது. கொதிக்கிற கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்தேன். நான்கு தாள், இரண்டு பக்கமும்.

பதினொன்றுக்கும் வரிசையாக மறுமொழி எழுதியிருந்தார். குதிரையின் கால் பிழைதான், தானும் கண்டது. வாளி மாறியதைத் தான் காணவில்லை, எத்தனையோ தரம் பார்த்தும் காணவில்லை, ஐயாவின் கண்ணை மெச்சவேண்டும். சுரங்கத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் வாதாடியிருந்தார். இந்த மனிதருக்கு வாதாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். குவைத்தில் கார் விடும் கொட்டகைக்குப் பின்னாலுள்ள அறையில் சூடான்காரச் சமையற்காரனோடு இருந்து அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அரபி படித்தாராம். கடைசிப் பகுதிக்கு இருவரும் அழுதார்களாம்.

பிறகு தொப்பி.

“நீங்கள் பிடிச்சது சரி ஐயா. அந்த ஆள் சொன்னது அப்பா செத்துப்போனாரெண்டுதான். வதனி முன்னுக்கு இருந்தவள். நான் திரும்பிப் போறதெண்டு அதுக்கு முதலே முடிவெடுத்திட்டன், வீட்டிலை சொல்லேல்லை. அவளுக்கு முன்னாலை அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அரபி தெரியாமலே நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள். நான் இவ்வளவு நாளும் ஆருக்கும் சொல்லாததை எல்லாம் எழுதிப்போட்டன். இதுகளை வீட்டிலை கதைக்க வெக்கம். உங்களுக்கு விளங்கும்.”

நான் அந்த வரியைப் பல தரம் படித்தேன். வீட்டில் கதைக்க வெட்கம். உங்களுக்கு விளங்கும். எனக்கு விளங்காதாம். பாயாசத்தில் ஏலக்காய் எண்ணுகிற மனிதனுக்கு விளங்குமாம்.

கடிதத்தை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன்.

“தம்பியின்ரை மறுமொழி வந்ததோ?” என்று அடுத்த கிழமை வேலியடியில் கேட்டார்.

“இல்லை ஐயா.”

அதற்கடுத்த கிழமையும் கேட்டார். தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டால் தன் படலைக்கு வராமல் எங்கள் படலைக்கு வருவார். ஐந்தாறு மாதம் அப்படி நடந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சங்கக் கடையில், மரியாதை தெரியாத மனிசர், ஒரு கடிதத்துக்கு மறுமொழி போடத் தெரியாது என்று என் கணவரைப் பற்றிச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். பார்த்தீர்களா, இவர் இப்படித்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

எண்பத்தெட்டில் காட்டோரம் போர் மூண்டு, ஷெல் திட்டத்துக்குள்ளும் விழத் தொடங்கியது. ஓவசியரும் மாமியும் வவுனியாவில் இருந்த மகளிடம் போகப் புறப்பட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றியிருந்தது. அவர் மேலே, நெல்லு மூட்டையில் இருந்துகொண்டு, கயிறு கட்டிய முறை பிழை என்று சாரதியோடு சண்டை. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார்.

“நான் ஒண்டு சொல்லட்டோ, பிள்ளை?”

“சொல்லுங்கோ ஐயா.”

“தம்பிக்கு எழுதேக்கை சொல்லும். நான் அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை கேட்டது…” நிறுத்தினார். உழவு இயந்திரம் உறுமியது. “தொப்பி தொப்பிதான். அதிலை மாற்றமில்லை. ஆனால் அதை நான் ஆறுதலா, தனியக் கேட்டிருக்கலாம்.”

கடிதம் இருந்த அலுமாரி எங்கள் வீட்டுக்குள், ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவர அரை நிமிடம் காணும்.

“சொல்லுறன் ஐயா,” என்றேன்.

வண்டி போய்விட்டது. அடுத்த மழைக்கு முன் அவர் வவுனியாவில் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. அவர் சொன்னதை நான் என் கணவருக்கு எழுதவில்லை.

எண்பத்தொன்பதில் என் கணவர் நிரந்தரமாக வந்துவிட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு இருக்கும்போது பக்கத்துக் காணியைப் பார்த்தார். வேலியில் பாதி விழுந்து கிடந்தது.

“ஓவசியர் ஐயா செத்துப்போனாராம் என்ன?”

“ஓம்.”

“நான் அவருக்கு ஒரு கடிதம் போட்டனான். உம்மடை கடிதத்துக்குள்ளை வைச்சு. குடுத்தனீரோ?”

“குடுத்தன்.”

“ஒண்டும் சொல்லேல்லையோ?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

சோற்றைக் குழைத்தார்.

“அப்ப அவருக்கு அது பிடிக்கேல்லைப் போலை,” என்றார்.

“அந்த மனிசனுக்கு எதுதான் பிடிச்சது,” என்றேன். “நீங்கள் சாப்பிடுங்கோ.”